சத்தம் போட்டால் தூக்கி எறிவதா?

சென்ற ஆண்டு ஜூன் மாதம், மழைக்காலம் தொடங்கிய வாரத்தில், எங்கள் வீட்டு டிரையர் கத்த ஆரம்பித்தது. டிரையர் என்றதும் வெளிநாட்டில் பிள்ளைகள் வீட்டில் பார்த்த, சூடான காற்றில் துணியை உருட்டி உருட்டிக் காயவைக்கும் பெரிய பெட்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டில் இருப்பது இரட்டைத் தொட்டி செமி ஆட்டோமேடிக் மெஷின். ஒரு தொட்டி துவைக்கும். பக்கத்தில் இருக்கும் சிறிய தொட்டி வேகமாகச் சுழன்று தண்ணீரைப் பிழிந்து தள்ளும். அந்தச் சின்னத் தொட்டியைத்தான் நம் வீடுகளில் டிரையர் என்கிறோம். துணியை அது காயவைப்பதில்லை. சொட்டாமல் செய்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் மும்பையில் ஜூலை மாதத்தில் அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரிய விஷயம் என்பது இங்கே குடித்தனம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். அந்த ஒரு மாதத்தில் மட்டும் சராசரியாக 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர் இது. பால்கனியில் கப்பி வைத்து ஏற்றி இறக்கும் கம்பிகளில் ஐந்து பேர் துணி தொங்க வேண்டும். பிழியாத ஜீன்ஸ் மூன்று நாளானாலும் காயாது. நாலாவது நாள் நாற்றம் வரும். கையால் பிழிந்துவிடலாமே என்றால், என் மனைவிக்கு வலது தோள் இறுகிப்போய் ஒன்றரை வருடமாகச் சிகிச்சை நடக்கிறது. ஒரு டவலை முறுக்கக்கூட அவளால் முடியாது. என் அம்மாவுக்கு வயது 79. ஆகவே எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அந்தத் தொட்டி ஆடம்பரப் பொருள் அல்ல.

முதலில் 'தட தட' என்று ஆரம்பித்தது. ஒரு வாரத்தில், கீழ் வீட்டுக்காரர் படியேறி வந்து, மாவு மில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று மராத்தியில் விசாரிக்கும் அளவுக்கு முன்னேறியது. மெஷின் தானாகவே நகர்ந்து பால்கனிச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

கம்பெனிக்குப் போன் செய்தோம். மூன்றாம் நாள் ஒரு பையன் வந்தான். மெஷினைப் போட்டான், பத்து விநாடி காது கொடுத்துக் கேட்டான், நிறுத்தினான். "மோட்டார் போச்சு சார். 3,400 ரூபாய் ஆகும். ஆறு வருஷ மெஷினுக்கு அவ்வளவு செலவு செய்வது வேஸ்ட். எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுத்துவிடுங்கள்" என்றான். பின்பலகையைக் கழற்றவில்லை, பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவே இல்லை. வந்து போனதற்கு 450 ரூபாய் ரசீது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அன்றைக்கு இன்னும் பதினோரு வீடு பாக்கி இருப்பதாக அவனே சொன்னான். பதினோரு வீடு ஏறி இறங்க வேண்டியவன் எந்த வீட்டில் உட்கார்ந்து ஆறு ஸ்க்ரூவைக் கழற்றுவான்?

"என்னங்க, புதுசே வாங்கிடலாம்" என்றாள் மனைவி. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் 'மோட்டார் போச்சு' என்ற வார்த்தை எனக்கு உறுத்தியது. போன மோட்டார் எப்படி அத்தனை வேகமாகச் சுற்றும்?

இங்கேதான் நம்மவர்களோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. எங்கள் கட்டிடத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஆறு. என்னையும் சேர்த்து என்ஜினீயரிங் படித்தவர்கள் ஒன்பது பேர். அன்று மாலை ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானருக்காக ஆறு வீட்டுக் கதவையும் தட்டினேன்; ஒரு வீட்டிலும் இல்லை. கடைசியில் வாட்ச்மேன் தன் சைக்கிள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பம்பாய்க்கு வந்த நம் அப்பாக்கள் தலைமுறை இப்படி இல்லை. ஸ்டவ்வுக்குத் திரி மாற்றுவது, இஸ்திரிப் பெட்டிக்கு ஒயர் மாற்றுவது, டேபிள் ஃபேனுக்கு எண்ணெய் விடுவது எல்லாம் அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. காசு இல்லாததால் செய்தார்கள், நமக்குக் காசு இருக்கிறது, அதனால் செய்யவில்லை என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. பிள்ளையை என்ஜினீயர் ஆக்குவதே கையில் கிரீஸ் படாமல் இருப்பதற்காகத்தான் என்ற எண்ணம் நமக்குள் எங்கோ ஊறிக் கிடக்கிறது. மெக்கானிக் என்றால் ஒரு படி கீழே. அந்த வேலையைத் தெரிந்துவைத்திருப்பதே கௌரவக் குறைவு என்று நினைக்கிறோம். அப்படி நினைக்கிறவனிடம் யாரும் எதையும் சொல்லி 3,400 ரூபாய் வாங்கிவிடலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சத்தத்தைக் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் துணி எதுவும் போடாமல் வெறும் தொட்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். வெறுமே ஓடும்போது சத்தமில்லை, துணி போட்டால்தான் ஆட்டம் என்றால், பெரும்பாலும் துணியை அடுக்கிய விதத்தில் கோளாறு. இந்தத் தொட்டி நிமிடத்துக்கு 1,300 முதல் 1,400 சுற்று வரை சுழல்கிறது. நடுவிலிருந்து 12 சென்டிமீட்டர் தள்ளி, ஒரு பக்கத்தில் கால் கிலோ ஈரத்துணி அதிகமாக இருந்தால், அந்த வேகத்தில் அது சுமார் 60 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தொட்டியை வெளியே இழுக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தபோது நானே அசந்துபோனேன். நல்ல உடம்புள்ள ஆள் ஒருவர் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, நிமிடத்துக்கு ஆயிரத்து முந்நூறு தடவை ஒவ்வொரு பக்கமாக இழுப்பதைப் போல. அதனால்தான் துணியைத் திணிக்காமல் சுற்றிலும் சமமாக வைத்து, அதன் மேல் அந்தப் பிளாஸ்டிக் வட்டத் தட்டை அமுக்கி வைக்கச் சொல்கிறார்கள். எத்தனை வீடுகளில் அந்தத் தட்டு இப்போது மாவுச் சல்லடைக்கு மூடியாக இருக்கிறதோ தெரியாது. எங்கள் வீட்டில் இருந்தது.

நல்ல மெஷினும் கிளம்பும்போது சில விநாடி ஆடும். வேகம் பிடித்ததும் அடங்கிவிடும். எங்களுடையது அடங்கவில்லை. வெறும் தொட்டியாக ஓட்டினாலும் அதே 'தட தட'. ஆகவே துணிமேல் பழி போட முடியாது.

அடுத்து, பிளக்கைப் பிடுங்கினேன். ஸ்விட்சை அணைத்தது போதும் என்று நினைக்காதீர்கள். பிளக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தரையில் கிடக்க வேண்டும். மெஷினுக்குள் மோட்டாரோடு சேர்ந்து கெப்பாசிட்டர் என்று ஒரு டப்பி இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கலாம். அதன் முனைகளில் கைவைக்கக் கூடாது. நான் செய்த வேலைக்கு அதைத் தொடவேண்டிய அவசியமும் இல்லை.

தொட்டியின் விளிம்பைக் கையால் கீழே அமுக்கிவிட்டேன். நேராக எழும்பி வந்து நிற்க வேண்டும். எங்கள் தொட்டி பின்பக்கமாகச் சாய்ந்து நின்றது. இந்த ஒரு சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம், அரை நிமிஷம் போதும். வந்த பையன் இதைச் செய்திருந்தால் மோட்டார் பேச்சையே எடுத்திருக்க மாட்டான்.

பின்பலகையைக் கழற்றினோம். 'னோம்' என்று சொல்வதற்குக் காரணம், பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் டார்ச் பிடித்தாள். உள்ளே ஆறு வருட அழுக்கு, ஒரு கரப்பான் பூச்சிக் குடும்பம், எலி கடித்துப்பார்த்து விட்டுவிட்ட ஒரு ஒயர். (அடிப்பக்கம் திறந்திருக்கும் மெஷின்களுக்கு எலிவலை போடுவது அவசியம். நாங்கள் போடவில்லை.) டிரையர் மோட்டார் மூன்று ஸ்பிரிங் கால்களில் நிற்கிறது. ஒவ்வொரு காலிலும் தடித்த ரப்பர் குஷன் உண்டு. தொட்டியின் ஆட்டத்தை வாங்கிக்கொள்வது அந்த ரப்பரும் ஸ்பிரிங்கும்தான். "அப்பா, இந்த ஒண்ணு மட்டும் பிஞ்சிருக்கு" என்று மகள்தான் முதலில் பார்த்தாள். பின்பக்கக் காலில் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்து, ஸ்பிரிங் இடம் மாறி ஒருபக்கமாகக் குந்தியிருந்தது. சாய்ந்த தொட்டி சுழலும்போது வெளித்தொட்டியில் இடிக்கிறது. சத்தத்தின் கதை இதுதான்.

மூன்று கால் இருக்க அந்த ஒரு கால் மட்டும் ஏன் போயிற்று? தண்ணீர் வடிவதற்காகப் பால்கனித் தரை ஓட்டைப் பக்கம் சரிந்திருக்கிறது. மெஷினை ஆறு வருடமாக அந்தச் சரிவில்தான் நிறுத்தியிருந்தோம். சுமை முழுதும் ஒரு காலுக்கே. எதிர் பிளாட்டில் டைல்ஸ் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்தேன். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடி ஒளிந்துகொண்டது. புது மெஷின் வாங்கியிருந்தாலும் அதே இடத்தில் நிறுத்தி, அதன் காலையும் அப்படியே ஒடித்திருப்போம்.

மறுநாள் உடைந்த ரப்பரை ஒரு கவரில் போட்டுக்கொண்டு கல்யாணில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். பெரியவர் ஒருவர் கவரைத் திறந்து பார்த்து, "தனியாக ஒன்று மாற்றாதே, மூன்றையும் மாற்று. இல்லாவிட்டால் உயரம் ஒத்துவராது" என்று சொல்லி, ரப்பரும் ஸ்பிரிங்குமாக மூன்று செட் 240 ரூபாய்க்குக் கொடுத்தார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் அதே சாமானைத் தனியாக விற்கமாட்டோம், எங்கள் ஆள் வந்துதான் மாட்டுவார் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்தக் கடைசி விஷயம் என் வீட்டோடு முடிகிற விஷயமல்ல. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான விதிமுறைகளை வகுக்க ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, அதற்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. விவசாயக் கருவிகள், செல்போன்கள், வீட்டுச் சாதனங்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகள் அதில் அடங்கும். நல்ல காரியம். ஆனால் உரிமை காகிதத்தில் வந்துவிடும். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த கை வீட்டில் இல்லாவிட்டால் அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மின்னணுக் கழிவு பற்றிய புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. வாஷிங் மெஷினும் அந்தப் பட்டியலில் உண்டு. 240 ரூபாய் ரப்பருக்காக முப்பது கிலோ இரும்பையும் செம்பையும் பிளாஸ்டிக்கையும் கழிவு என்று எழுதித் தள்ள இருந்தேன் என்று நினைக்கும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாட்டினோம். மோட்டாரையும் தொட்டியையும் இணைக்கும் இடத்தில் உள்ள போல்ட்டைத் தளர்த்தினால் தொட்டி மேலே கையோடு வந்துவிடுகிறது. அதற்கு அடியில் ஒரு சின்ன சாக்ஸ், கயிறு போல முறுக்கேறித் தண்டில் சுற்றிக் கிடந்தது. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காணாமல் போனது என்று அவளே அடையாளம் சொன்னாள். கூடவே ஒரு இரண்டு ரூபாய் நாணயம், மூன்று ஜாக்கெட் கொக்கி. அந்த வட்டத் தட்டை வைக்காததன் பலன் இவை. நாணயம் இப்படி உள்ளே போய்விட்டால் சத்தம் 'கலகல' என்று வரும்; கேட்டவுடனே தெரியும். 'கீச்' என்று ஊளையிட்டால் அது வேறு. தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் கிழிந்து, சோப்புத் தண்ணீர் கீழே ஒழுகி, மோட்டார் பேரிங் துருப்பிடித்திருக்கலாம். அந்த நிலையில் நானும் மெக்கானிக்கைத்தான் கூப்பிடுவேன்.

இப்போது மழைக்கால உபயத்தில் சூடான காற்று டிரையர் வாங்குகிறவர்களும் நம் வட்டாரத்தில் வந்துவிட்டார்கள். அதிலும் பாஷை இதேதான். டிரம் சுற்றச் சுற்ற ஒரே தாளத்தில் 'தொம் தொம்' என்றால், டிரம்மைத் தாங்கும் உருளைகள் தேய்ந்திருக்கும். கீச்சிட்டால் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சின்னச் சக்கரம். பல்லி கத்துவதைப் போல டிக் டிக் என்றால் காற்றாடியில் நாணயமோ பட்டனோ மாட்டியிருக்கும். பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்யாவிட்டால் சத்தத்தை விடப் பெரிய ஆபத்து உண்டு. சேர்ந்த பஞ்சு தீப்பிடிக்கும்.

இந்த இடத்தில் நான் என் பிழையையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய்.

எல்லாவற்றையும் மாட்டி, பிளக் செருகி, போட்டுப் பார்த்தோம். சத்தமே இல்லை. மனைவி கைதட்டினாள். நான் பெருமையாகக் காபி குடிக்கப் போய்விட்டேன். டிரையர் மூடியைத் திறந்ததும் மின்சாரம் நின்று, ஒரு பிரேக் வந்து பிடித்து, தொட்டி சில விநாடிகளில் நிற்க வேண்டும். மூடியிலிருந்து ஒரு கம்பி ஒயர் கீழே இறங்கி, மூடி மூடியிருக்கும்போது அந்தப் பிரேக்கை இழுத்து விலக்கி வைக்கிறது. தொட்டியைக் கழற்றும்போது நான் அந்த ஒயரை அவிழ்த்தேன். திரும்ப மாட்டும்போது ஒரு அரை அங்குலம் அதிகமாக இழுத்துக் கட்டிவிட்டேன். மூடியைத் திறந்தாலும் பிரேக் விலகியே நின்றது.

அம்மா மூடியைத் திறந்தாள். தொட்டி சுற்றிக்கொண்டே இருந்தது. "எய்யா, இது நிக்கமாட்டேங்குதே" என்று சொல்லிக்கொண்டே, நுனி வெளியே தெரிந்த புடவையை எடுக்கக் கையை நீட்டிவிட்டாள். மகள் பாட்டியின் கையைப் பிடித்து இழுத்தாள். அவ்வளவுதான் நடந்தது. அந்தப் புடவை விரலில் சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஒயரைத் தளர்த்திச் சரிசெய்தேன். வெறும் தொட்டியில் இருபது தடவை மூடியைத் திறந்து திறந்து கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பத்து விநாடிக்குள் நின்றது. பதினைந்து விநாடிக்கு மேல் சுற்றினால் அந்த டிரையரை, எவ்வளவு அமைதியாக ஓடினாலும், பயன்படுத்தக் கூடாது என்பது என் வீட்டுச் சட்டம். தொட்டி முழுக்க நின்ற பிறகுதான் கை உள்ளே போகவேண்டும் என்று அம்மாவும் இப்போது எல்லோருக்கும் சொல்கிறாள்.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "பார்த்தீரா, இதற்குத்தான் தெரிந்தவனிடம் விட வேண்டும் என்பது" என்றார். அவர் சொல்வதை நான் இரண்டு நாள் யோசித்தேன். பாதிதான் ஒப்புக்கொள்கிறேன். தெரிந்தவன் வந்தான், திறக்கவில்லை. நான் திறந்தேன், முழுக்கத் தெரிந்துகொள்ளவில்லை. என் தவறு திறந்ததில் இல்லை. யாரும் பக்கத்தில் நின்று 'பிரேக் பார்த்தாயா?' என்று கேட்க இல்லாமல் தனியாகச் செய்ததில் இருக்கிறது. மெக்கானிக் பிழைப்பைக் கெடுக்கிறாயே என்று இன்னொருவர் கேட்டார். கல்யாண் பெரியவருக்கு 240 ரூபாய் கொடுத்தேன். புது மெஷின் வாங்கியிருந்தால் அவருக்கு ஒரு பைசாவும் போயிருக்காது.

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனை. பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம், பரதநாட்டியம் நடத்துகிறோம், பொங்கலுக்குக் கோலப் போட்டி நடத்துகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், சங்கக் கூடத்தில் பழுதுபார்க்கும் வகுப்பு ஒன்றும் நடத்தலாம். மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி, டேபிள் ஃபேன் என்று தூக்கிவரக்கூடியதைத் தூக்கிவரட்டும். நம் உறுப்பினர்களில் ரயில்வே பட்டறையிலும் மின்சார வாரியத்திலும் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். மேடையில் பொன்னாடை போர்த்துவதைத் தவிர அவர்களிடம் நாம் எதையும் கேட்டதில்லை. அவர்கள் பக்கத்தில் நிற்க, பிள்ளைகள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், ஸ்க்ரூவைக் கழற்றட்டும். உள்ளூர் மெக்கானிக் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து ஆசிரியராகவே கூப்பிடலாம். செயற்குழுவில் இதைச் சொன்னபோது ஒருவர் சிரித்தார். பரவாயில்லை, சிரிக்கட்டும், அவர் வீட்டு மிக்ஸி மூன்று மாதமாகப் பரண்மேல் இருப்பது எனக்குத் தெரியும்.

என் பங்குக்கு ஒரு பெட்டி சேர்த்து வைத்திருக்கிறேன். ஸ்பானர் செட், டெஸ்டர், நாலு அளவு ஸ்க்ரூ டிரைவர், ஒரு ரசமட்டம். வாட்ச்மேனுடைய பத்தாம் நம்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சொந்தமாக ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது பெட்டியைச் சங்க நூலக அலமாரியின் கீழ்த் தட்டில் வைத்துவிட்டு வருகிறேன்; சாவி நூலகப் பொறுப்பாளரிடம் இருக்கும்.